தலைகீழாக, இருட்டில், தண்ணீருக்குள்: போர் விமானிக்கு எதற்கு நீச்சல்?

1967 அக்டோபர் 26. ஹனோய் நகருக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றின் வலது இறக்கையை ஏவுகணை பெயர்த்துக்கொண்டு போனது. விமானி இருக்கையோடு வெளியே வீசப்பட்டார். வீசிய வேகத்தில் இரண்டு கைகளும் ஒரு காலும் முறிந்துவிட்டன. பாராசூட் அவரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஊருக்கு நடுவே இருக்கும் ட்ருக் பாக் ஏரி. உடம்பில் மாட்டியிருந்த கருவிகளின் கனத்தில் நேராக அடித்தரைக்குப் போனார். முறியாத காலால் தரையை உதைத்து மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தார். மறுபடி உள்ளே போனார். மிதவைச் சட்டையை உப்பவைக்க ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுக்கக் கை வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். சட்டை உப்பியது, மேலே வந்தார். ஐந்தரை ஆண்டு போர்க்கைதியாக இருந்து ஊர் திரும்பி, 2008இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றாரே ஜான் மெக்கெய்ன், அவர்தான் இவர்.

இந்தக் கதையில் அவர் ஒரு கெஜம்கூட நீந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நீந்துவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மூச்சு முட்டுகிற நேரத்தில், கலங்கிய தண்ணீருக்குள், குமிழ் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ராணுவ விமானிகளுக்கு நடக்கும் 'நீச்சல் பயிற்சி' என்பதை நாம் பள்ளி நீச்சல் போட்டி மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. தெரிந்த வேலையை, தெரிந்த வரிசையில், கண் தெரியாமல், அவசரப்படாமல் செய்யப் பழக்குவதுதான் முழுப் பாடமும்.

அமெரிக்கக் கடற்படையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஃபுளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில் 1914 முதல் கடற்படை விமானிகள் உருவாகிறார்கள். அங்கே விமானத்தில் கை வைப்பதற்கு முன்பே தண்ணீரில் இறங்கியாக வேண்டும். காரணம் எளிது. கடற்படை விமானி ஏறுவதும் இறங்குவதும் கப்பலில். கோளாறு வந்தால் கீழே இருப்பது கடல்.

உடுப்போடு நீச்சல்

நான் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவன். உள்நீச்சல், சொருகு அடிப்பது எல்லாம் வரும் என்ற கர்வம் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு லீவு நாளில் பந்தயம் கட்டி பேன்ட், சட்டை, பெல்ட்டோடு எங்கள் கிணற்றில் குதித்தேன். எதிர்ச்சுவர் இருபத்தைந்து அடி தூரம்தான். பாதி தூரத்திலேயே தொடையை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. படிக்கல்லைத் தொட்டபோது பந்தயப் பணத்தைக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

நனைந்த துணி கனம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் தண்ணீருக்குள் இருக்கும்வரை அது பெரிதாகக் கனக்காது. கனம் தெரிவது கரையேறும்போது. உள்ளே அது செய்வது வேறு வேலை. கையையும் காலையும் அசைக்கும்போதெல்லாம் கூடவே தண்ணீரை அள்ளிக்கொண்டு வரும். ஆக, வேகமாக அடிக்க அடிக்க எதிர்ப்பும் ஏறும். மெதுவாக அசைகிறவருக்கு அதே துணி அவ்வளவு தொல்லை தராது.

பென்சகோலாவில் நெடுங்காலமாகப் பேர்போன ஒரு தேர்வு இதைத்தான் சோதிக்கிறது. விமானிச் சீருடையோடு ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், நீந்த வேண்டும். நேரம் 80 நிமிடத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். நிதானமாக நடந்தாலே ஒரு மைலை இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம் என்பதை வைத்துப் பார்த்தால் இது தாராளமான நேரம். பந்தயம் என்று நினைத்து விளாசுகிறவர் முதல் கால் மணியிலேயே திணறிவிடுவார். அலட்டிக்கொள்ளாமல் தவளை மாதிரி போகிறவர் முடித்துவிடுவார்.

தவளை என்றது சும்மா இல்லை. அங்கே கற்றுத்தரும் நீச்சல் முறைகளில் முக்கியமானது நெஞ்சு நீச்சல். கூடவே பக்கவாட்டில் படுத்து நீந்துவது, மல்லாந்து நீந்துவது. ஒலிம்பிக்கில் பார்க்கிற ஃப்ரீஸ்டைல் இங்கே அதிகம் எடுபடாது. அதற்குப் பாதம் மீன்வால் போல வளைந்து கொடுக்க வேண்டும். கணுக்காலை இறுக்கிக் கட்டிய பூட்ஸுக்குள் அது நடக்காது. முகமும் தண்ணீருக்குள் இருக்கும், எங்கே போகிறோம் என்று தெரியாது. நெஞ்சு நீச்சலில் தலை வெளியே இருக்கும். மிதக்கிற எண்ணெயைக் கையால் விலக்கிக்கொண்டும் போகலாம்.

அடுத்த கட்டம் இன்னும் கஷ்டம். சீருடை, பூட்ஸ், கையுறை, பாராசூட் வார்கள், மிதவைச் சட்டை, தலையில் ஹெல்மெட் என எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு 75 கெஜம் நீந்த வேண்டும். முடித்ததும் கரையேற முடியாது. நின்ற இடத்திலேயே 2 நிமிடம் கால் உதைத்து மிதக்க வேண்டும், பிறகு 2 நிமிடம் குப்புற மிதக்க வேண்டும், கடைசியில் மிதவைச் சட்டையை வாயால் ஊதி நிரப்ப வேண்டும். வாயால் ஏன்? வாயு உருளை வேலை செய்யாமல் போகலாம் என்பதால்.

இதில் அந்தக் குப்புற மிதப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீரில் விழுந்த யாரும் முதலில் செய்வது தலையை வெளியே தூக்கிப் பிடிப்பது. அதுதான் ஆளைக் கொல்கிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிட ஒரு இம்மி லேசு, தானாகவே மிதக்கும். ஆனால் மிதக்கும்போது வெளியே தெரிவது தலையின் ஒரு சிறு பகுதிதான். தலை முழுவதையும் வெளியே வைத்திருக்க வேண்டுமானால் அந்தக் கனத்தைக் கைகால்கள் ஓயாமல் சுமக்க வேண்டும். எத்தனை நிமிடம் சுமப்பது?

ஜார்ஜியா டெக் கல்லூரியின் நீச்சல் பயிற்சியாளர் ஃப்ரெட் லனூ 1940 வாக்கில் இதற்கு ஒரு வழி சொன்னார். தலையைத் தண்ணீரிலேயே போட்டுவிடு. கைகால்களைத் தொங்கவிட்டுப் பிணம் போலக் குப்புற மித. மூச்சு வேண்டும்போது மட்டும் லேசாகத் தண்ணீரை அழுத்தி வாயை வெளியே எடு, இழு, மறுபடி போடு. தன் மாணவர்களைக் கையையும் காலையும் கட்டி நீச்சல் குளத்தில் இறக்கி இதைச் செய்யவைத்தார். நீச்சல் தெரியாதவர்களைக் 'கடப்பாரை நீச்சல்காரர்' என்று கேலி செய்வோமே, அவர்களும் மிதந்தார்கள். வழக்கமான நீச்சல் வீரர்களைவிட அவர்கள் சொன்னதை அப்படியே கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மறப்பதற்கு அவர்களிடம் பழைய பழக்கம் எதுவும் இல்லை.

இன்னொரு தேர்வு 15 கெஜம் உள்நீச்சல். கடல்மேல் எரிபொருள் பரவித் தீப்பிடித்திருந்தால் அதன் அடியில் போக வேண்டியிருக்கும். மேலே வரும்போது முதலில் வர வேண்டியது கை. தண்ணீரைச் சிதறடித்துத் தீயை விலக்கி இடம் பண்ணிக்கொண்டு, ஒரு மூச்சு எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும்.

டங்கர்

பயிற்சிக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்லும் பேர் 'டங்கர்'. அமுக்கி எடுக்கிற இயந்திரம் என்று பொருள் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த முதல் வகைக்கு 'டில்பர்ட் டங்கர்' என்று பெயர். டில்பர்ட் என்பது அந்நாளில் கடற்படைச் சுவரொட்டிகளில் வந்த கார்ட்டூன் விமானி. எதைத் தொட்டாலும் தப்பாகச் செய்கிறவன். பயிற்சி விமானத்தின் விமானியறையை மட்டும் வெட்டி எடுத்துச் சாய்வான தண்டவாளத்தில் ஏற்றியிருப்பார்கள். விமானி உள்ளே வாரைப் போட்டு உட்கார்வார். பெட்டி சறுக்கிக்கொண்டு வந்து நீச்சல் குளத்தில் மோதும், மோதிய வேகத்தில் கவிழும். அதிலிருந்து வெளியேற வேண்டும்.

ஹெலிகாப்டர்கள் பெருகிய பிறகு பல பேர் உட்காரும் பெரிய டங்கர்கள் வந்தன. ஹெலிகாப்டருக்கு ஒரு சாபம் உண்டு. இன்ஜின், கியர்பெட்டி, சுழலி என்று கனமானவை எல்லாம் அதன் தலைமேல் இருக்கின்றன. கடலில் மெதுவாக இறக்கினால்கூட நொடிகளில் குடை சாய்ந்துவிடும். ஆகவே டங்கரும் உங்களைத் தண்ணீருக்குள் இறக்கித் தலைகீழாகத் திருப்பும்.

அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாரில் தலைகீழாகத் தொங்குகிறீர்கள். மூக்குத் துளைகள் மேல்நோக்கி இருக்கின்றன. தண்ணீர் நேராக உள்ளே இறங்கி நெற்றிக்குள் ஊசி குத்துவது போல வலிக்கும். கண்ணைத் திறந்தால் கலங்கல். காதுக்குள் சமநிலை காட்டும் உறுப்பு சுற்றிய சுற்றில் குழம்பிவிடுகிறது. மேலே எது, கீழே எது என்று தெரியாது. வலப்பக்கம் இருந்த கதவு இப்போது எந்தப் பக்கம்? யோசித்தால் இடம் என்று தோன்றும். யோசனை தப்பு. உங்கள் வலது கைக்கு அது எப்போதும் வலப்பக்கம்தான். உங்களோடு சேர்ந்து அதுவும் தானே கவிழ்ந்தது?

அதனால் முதல் விதி: கவிழ்வதற்கு முன்பே ஒரு கை வெளிவாசலின் விளிம்பையோ, அதற்கு வழிகாட்டும் அசையாத ஒரு பாகத்தையோ பிடித்திருக்க வேண்டும். பிடித்ததை விடவே கூடாது. இரண்டாவது, ஆட்டம் முழுக்க அடங்கும்வரை அப்படியே இரு. தண்ணீர் உள்ளே பாயும்போது எதிர்த்துப் போக முடியாது. நிரம்பிய பிறகு வழி தானாகத் திறக்கும். மூன்றாவது, பிடி உறுதியான பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுவார்கள். பயத்தில் கை முதலில் போவது இடுப்பு வாருக்கு. கழற்றிய மறுகணம் உடம்பு மிதந்து, இருக்கையைவிட்டு நழுவி, அறையின் 'தரையில்' போய் ஒட்டிக்கொள்ளும். பிடிமானம் போனால் திசையும் போச்சு. வாரைக் கழற்றாமல் இருப்பதுதான் அந்த நேரத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம்.

பிறகு கைமாற்றிக் கைமாற்றி, ஒரு கை அடுத்த பிடியைப் பிடித்த பிறகே பழைய பிடியை விட்டு, வாசலுக்குப் போக வேண்டும். உள்ளே இருக்கும்போது கால் உதைக்கக் கூடாது. பின்னால் வருகிறவரின் முகம் அங்கேதான் இருக்கும். சாதாரணமாகச் சில சுற்றுகள் முடிந்த பிறகு கண்ணை மறைக்கும் கருப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு இதையே செய்யச் சொல்வார்கள். நடுக்கடலில் இரவில் கவிழ்ந்தால் அப்படித்தானே இருக்கும். குளத்தின் உள்ளேயே முக்குளிப்பு வீரர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது சிக்கினால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மிதவைச் சட்டையை வெளியே வந்த பிறகுதான் உப்பவைக்க வேண்டும் என்பதும் இங்கே அடித்துச் சொல்லப்படும் பாடம். பயணிகள் விமானத்திலும் பணிப்பெண் இதைச் சொல்வார், நாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவுக் கரையோரம் கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். விழுந்த வேகத்தில் தப்பியவர்களில் சிலர், முன்பே சட்டையை உப்பவைத்திருந்ததால், நீர் ஏற ஏறக் கூரையோடு அழுத்தப்பட்டு வாசலுக்குக் குனிய முடியாமல் போனார்கள்.

ஹெலிகாப்டர் குழுவினருக்கு இடுப்பளவுச் சட்டையில் சிறிய காற்றுக் குப்பி ஒன்றும் உண்டு. சில மூச்சுகளுக்குத்தான் வரும். ஆனால் அந்தச் சில மூச்சுகள் அவசரத்தைத் தணித்துவிடும். அதற்கும் ஒரு நிபந்தனை. ஆழத்தில் அழுத்தமாக உள்ளே போன காற்று, மேலே வர வர விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் நுரையீரல் கிழியலாம். அதனால் மேலே வரும் வழியெல்லாம் காற்றை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். சாகும் பயத்தில் இருப்பவரிடம் மூச்சை வெளியே விடு என்று சொல்வது எவ்வளவு விபரீதமான அறிவுரை! பழக்கினால் ஒழிய வராது.

பாராசூட்டில் வந்து விழுந்தால்

போர் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியேறியவருக்குச் சிக்கல் வேறு மாதிரி. பாராசூட் அவரைக் காப்பாற்றிக் கடலுக்குக் கொண்டுவரும். கடலில் இறங்கிய மறுநொடி அதுவே எதிரி. காற்று வீசினால் படகுப்பாய் போல விரிந்து ஆளை அலைமேல் இழுத்துக்கொண்டு ஓடும். காற்று இல்லாவிட்டால் தலைமேல் விழுந்து மூடும், கயிறுகள் காலில் சுற்றும்.

இழுத்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களை அகட்டி, தோள் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். கடல்நீர் பட்டதுமே தானாகக் கொக்கியை விடுவிக்கும் கருவி அமெரிக்கக் கடற்படையில் வெகுநாளாக உண்டு. கை உடைந்தவருக்கும் மயங்கியவருக்கும் அது உயிர். அப்படியானால் காற்றில் இருக்கும்போதே கழற்றிவிட்டால் என்ன? தட்டையான கடலுக்கு மேலே உயரம் கணிக்க முடியாது. பத்தடி என்று நினைப்பது நூறடியாக இருக்கும். ஆகவே காலில் தண்ணீர் படும்வரை பொறுக்க வேண்டும். துணி தலைமேல் விழுந்து மூடிவிட்டால் கைக்கு அகப்பட்ட ஒரு தையல் கோட்டைப் பிடித்து, அதையே தொடர்ந்து ஓரம்வரை போக வேண்டும். தையலை விட்டுவிட்டு அங்குமிங்கும் துழாவினால் ஈரத்துணிக்குள்ளேயே வட்டமடிக்க வேண்டியதுதான்.

உடுப்பே ஆளை மூழ்கடிக்கும் என்பதற்கு கஸ் கிரிஸம் சாட்சி. விமானப்படை விமானி, அமெரிக்காவின் இரண்டாவது விண்வெளிப் பயணி. 1961 ஜூலை 21 அன்று அட்லாண்டிக்கில் இறங்கிய அவருடைய கலத்தின் கதவு எதிர்பாராமல் திறந்துகொண்டது. கடலில் குதித்துவிட்டார். விண்வெளி உடையில் காற்று நுழையும் வால்வு ஒன்றை மூட மறந்துவிட்டிருந்தார். அதன் வழியே தண்ணீர் ஏறி உடை கனத்துக்கொண்டே போனது. நண்பர்களுக்கு நினைவுப்பொருளாகக் கொடுக்க நாணயக் கட்டுகளை வேறு உடைக்குள் வைத்திருந்தார். ஹெலிகாப்டரின் வளையம் கைக்கு வரும்வரை மூழ்கி மூழ்கித்தான் எழுந்தார்.

தெப்பத்தில் ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டிக் குதித்தால் கவிழும். கையால் அமுக்கி, கால் உதைத்து, வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அதிபரான ஜார்ஜ் புஷ் 1944 செப்டம்பர் 2 அன்று, 20 வயதில், சிச்சிஜிமா தீவருகே சுடப்பட்டு விழுந்தபோது இப்படியொரு ரப்பர் தெப்பத்தில் ஏறி, எதிரியின் கரைக்கு அடித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கையாலேயே துடுப்புப் போட்டார். சில மணி நேரத்தில் ஃபின்பேக் என்ற நீர்மூழ்கி வந்து ஏற்றிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த கருவி சைகைக் குழல். ஒரு முனையில் பகலுக்கு ஆரஞ்சுப் புகை, மறுமுனையில் இரவுக்குச் சிவப்புத் தீ. இருட்டில் விறைத்த விரலுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? இரவு முனையில் தடவினால் தெரிகிற மாதிரி புடைப்புகள் வைத்திருக்கிறார்கள்.

விறைத்த விரல் என்பது பேச்சுக்காகச் சொன்னதில்லை. நம் கடலோரத்து வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து இதை அளக்கக் கூடாது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். உறைநிலையை ஒட்டிய தண்ணீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைவிரல் சொன்னபடி கேட்கும். கொக்கி, குமிழ், தெப்பம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம் ஆகும். எனவே குளிரிலேயே உடனே செத்துவிடுவார்கள் என்பது தப்பு. அதற்கு வெகுமுன்பே, முதல் நிமிடத்து மூச்சுத் திணறலில் தண்ணீர் குடித்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

மீட்க ஹெலிகாப்டர் வந்தாலும் பொறுமை வேண்டும். கீழே வரும் கம்பிவடத்தின் கொக்கி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும்; பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், முந்திக்கொண்டு பிடிக்கிறவருக்கு நல்ல அடி கிடைக்கும்.

நம் பக்கம்

இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் பள்ளி அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருக்கிறது. தண்ணீர்ப் பாடத்துக்கென்று கொச்சியில், ஐ.என்.எஸ். கருடா தளத்தில் தனி மையம் உண்டு. ககன்யான் விண்கலம் கடலில் இறங்கும்போது மீட்கப்போகும் குழுவின் முதல் அணி 2023இல் அங்கேதான் பயிற்சி பெற்றது. அதே ஆண்டு மார்ச் 8 அன்று மும்பைக் கரையருகே கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று திடீரென்று சக்தி இழந்து கடலில் இறங்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்த மூன்று பேரையும் ரோந்துப் படகு பத்திரமாக மீட்டது. மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாக வந்துபோனது அது.

நீச்சல் தெரியாதவர் விமானி ஆக முடியாதா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் தண்ணீரில் தடுமாறுகிறவர்களைத் தனியே கூட்டிவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். தேறும்வரை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான். முன்பே கொஞ்சம் பழகிக்கொண்டு போனால் நல்லது. கிணறோ குளமோ, பக்கத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் நிற்கும்போது, தலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சும்மா மிதந்து பார்த்தாலே போதும்.

ஒருமுறை தேறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த, தலை நரைத்த கமாண்டர், பள்ளி முடித்த பையன் போன்ற புதியவருக்குப் பக்கத்து இருக்கையில் வாரைப் போட்டுக்கொண்டு, வாசல் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கருப்புக் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்.